வேர்க்கடலையின் பூர்வீகமும் அது உலகில் பரவிய விதமும்

வேர்க்கடலை, நிலக்கடலை என்றும், பழைய தென்னார்க்காடு ஜில்லாவில் மணிலாக்கொட்டை, மல்லாட்டை என்றும் வழங்கப்படும் பயிர் இந்நாட்டிற்குப் புராதனமானதன்று. பழந்தமிழ் நூல்களில் எள்ளைக் காணலாம். இதைக் காண இயலாது.

இதன் ஜன்மபூமி தென் அமெரிக்கா. பொலிவியாவின் தென்பாகமும் அர்ஜென்டீனாவின் வடமேற்குப் பாகமும் சேர்ந்த பிரதேசத்தில், இருவகைக் காட்டுக் கடலைச் செடிகள் தாமே கலந்து பிறந்த இனமே இன்று உலகெங்கும் பயிராகிறது. 2016-ம் ஆண்டில் அக்காட்டினங்களின் மரபணுக்களை ஆராய்ந்த சாஸ்திரிகள் இதனை உறுதி செய்தனர். இவ்வாறு பிறந்த பயிர் தன் காட்டு உறவினங்களுடன் எளிதில் மீண்டும் கலப்பதில்லை. ஆகவே டிக்கா என்னும் இலைப்புள்ளி நோயைத் தாங்கும் வலிமை காட்டுச் செடிகளில் இருந்தும், அதனைப் பயிருக்குக் கொண்டுவருவது மிகுந்த பிரயாசையாயிருக்கிறது.

பெரு தேசத்தார் இதனைப் பெரிதும் மதித்தனர். அங்கே சிபான் என்னுமிடத்தில் 1987-ல் கண்டெடுக்கப்பட்ட ஒரு தலைவனின் சமாதியில், பொன்னாலும் வெள்ளியாலும் கடலைக்காய் வடிவாகச் செய்த மணிகள் கோத்த கழுத்தணி கிடைத்தது. மண்ணுக்குள் காய்க்கும் ஒரு பயறு ஆபரணத்திற்கு மாதிரியாயிற்று என்பது வியப்பே.

கி.பி. 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து இதனை ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குக் கொண்டுசென்றனர். மண்ணுக்குள் காய்க்கும் வேறொரு பயறு அங்கே முன்னமே வழக்கில் இருந்தமையால், குடியானவர்களுக்கு இது விநோதமாகத் தோன்றவில்லை. ஸ்பானியரோ பசிபிக் சமுத்திரத்தின் வழியே மணிலாவுக்குக் கொண்டுவந்தனர். அத்துறைமுகத்தின் பெயரே நம் குடியானவர்களின் வாயில் மல்லாட்டையாக மருவிற்று.

19-ம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்து மார்சேல்ஸ் நகரின் எண்ணெய் ஆலைகளும் சவுக்காரச் சாலைகளும் கடலையை ஏராளமாக வாங்கத் தொடங்கின. மேற்கு ஆப்பிரிக்காவின் செனெகாலிலிருந்து ஒரு வரத்து. தென்னார்க்காட்டில் விளைந்து புதுச்சேரியில் கப்பலேறியது மற்றொரு வரத்து. நம் சரக்குக்கு அங்கே ஒரு குறை சொல்லப்பட்டது. கையால் உடைக்கும்போது தோடு எளிதில் விடும்பொருட்டுக் காயை ஜலத்தில் நனைத்து உடைப்பது வழக்கமாயிருந்தது. நனைந்த பருப்பு நீண்ட கப்பல் பிரயாணத்தில் சூடேறிக் காறலெடுத்தது, விலையும் தாழ்ந்தது. உடைப்பு இயந்திரங்கள் பரவிய பின்னரே இக்குறை தணிந்தது.

மண்ணின் குணத்தைக் கவனியாமல் கெட்டதற்கும் உதாரணம் உண்டு. 1947-ல் பிரிட்டிஷ் சர்க்கார் டாங்கனீக்காவில் காடு அழித்துப் பெருந்திட்டமாகக் கடலை போட முயன்றனர். பூவிலிருந்து இறங்கும் விழுது மண்ணைத் துளைத்தால்தான் காய் பிடிக்கும். களிமண் வெயிலில் கல்லாய் இறுகிற்று, மழையும் பொய்த்தது. கோடிக்கணக்கான பவுன் செலவாகி, 1951-ல் திட்டம் கைவிடப்பட்டது.

ஈரத்தினால் வரும் கேடு விலைக்குறைவு மாத்திரமன்று. 1960-ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மாண்டன. தீனியில் சேர்ந்த பிரேசில் கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சே காரணமென ஆராய்ச்சியில் வெளிப்பட்டது. அப்ளடாக்ஸின் எனப்படும் இந்நஞ்சு ஈரலைக் கெடுப்பது. எண்ணெய் ஆட்டும்போது பெரும்பகுதி பிண்ணாக்கிலேயே தங்கிவிடும்; அதைத் தின்னும் பசுவின் பாலிலும் இதன் அம்சம் இறங்கும். வறுத்தாலும் முற்றிலும் நீங்காது.

சங்கத்தின் மூலம் சரக்கைச் சேர்த்து விற்கும் அங்கத்தினர்களுக்கு இது மிகவும் முக்கியம். ஒருவர் கொணரும் ஈர மூட்டை பத்துப் பேருடைய குவியலையும் கெடுத்துவிடும். பிடுங்கிய செடியைக் காய் மேலாகத் திருப்பி உலர்த்தி, ஆய்ந்த காயை நூற்றுக்கு 8 பங்குக்கு மேல் ஈரம் நில்லாதவாறு மறுபடியும் காயவைத்தல் வேண்டும். உடைந்த காயையும் முற்றாத காயையும் முன்னதாகவே பொறுக்கி நீக்கிவிடுவது உத்தமம். கருவி இல்லாதவிடத்தில், காயைக் காதருகே குலுக்கினால் உள்ளே பருப்பு ஆடும் ஓசை கேட்கவேண்டும்.