பதிந்தது நிலைக்குமா? நிலப் பதிவேடுகளும் பரவல் தரவுத்தளங்களும்

மைசூர் மாவட்டத்தில் ஒரு விவசாயி வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்தாலும், பாகப்பிரிவினை செய்துகொண்டாலும், முதலில் கேட்கப்படுவது 'பஹணி' எனப்படும் நில உரிமைப் பதிவின் நகலேயாகும். முன்னர் கர்நாடகம் முழுவதும் இப்பதிவேடுகள் ஏறத்தாழ 9,000 கிராமக் கணக்கர்களின் கையில் இருந்தன. 2000-ஆம் ஆண்டையொட்டிச் செயற்படுத்தப்பட்ட 'பூமி' திட்டத்தின்கீழ், சுமார் 67 லட்சம் உடைமையாளர்களின் 2 கோடிப் பதிவுகள் கணிப்பொறியில் ஏற்றப்பட்டு, தாலுகா அலுவலகங்களில் நகல் வழங்கப்படலாயிற்று. கணிப்பொறிமயமான தாலுகாக்களில் கையெழுத்துப் பஹணி செல்லாது என்றும் அறிவிக்கப்பட்டது. பழைய ஏடு சட்ட மதிப்பை இழந்ததால், கணிப்பொறியில் உள்ள பதிவு அழிந்தால் உரிமைக்கு வேறு ஆதாரம் தேடுவது அரிது.

பதிவு முடிந்ததென்று ஒருமுறை அறிவித்துவிட்டால், மின்சாரம் நின்றாலும் இயந்திரம் பழுதானாலும் அப்பதிவு அழியலாகாது. இதுவே 'நிலைப்பேறு'. தரவுத்தளங்களுக்கு உரியனவென 1983-ல் ஹேர்டர், ராய்ட்டர் ஆகிய ஜெர்மானிய அறிஞர்கள் தொகுத்துரைத்த நான்கு பண்புகளில் இதுவும் ஒன்று. இதற்கான வழி கணக்குப்பிள்ளைகள் அறிந்ததே. முதலில் குறிப்பேட்டில் எழுதி, பிறகு பேரேட்டில் ஏற்றுவர். தரவுத்தளமும் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதி, அது டிஸ்கில் உண்மையாகவே பதிந்த பின்னரே 'முடிந்தது' என அறிவிக்க வேண்டும். தற்காலிக நினைவகத்தில் இருப்பதைப் பதிந்ததாகக் கருதுவது பெரும் பிழை.

ஒரே டிஸ்க் போதாது என்பதால் படிகள் பல இயந்திரங்களில் வைக்கப்படுகின்றன. இங்குதான் சிக்கல் எழுகிறது. நஞ்சன்கூடு தாலுகாவில் ஒரு பட்டா மாறுதல் காலை 11 மணிக்குப் பதிவாகி, விண்ணப்பதாரருக்கு ரசீதும் தரப்பட்டதாகக் கொள்வோம். பெங்களூருக்குப் படி சில நிமிடம் கழித்தே செல்லும் ஏற்பாடாயின், இடையில் நஞ்சன்கூட்டு இயந்திரம் அழிந்தால் அவர் கையில் ரசீது இருக்கும். பதிவு எங்கும் இராது. மறுபுறம், எல்லாப் படிகளும் எழுதி முடியும்வரை காத்திருந்தால், ஏதேனும் ஓர் இயந்திரம் நின்றாலும் அலுவலகமே நின்றுவிடும். ஆகவே, பெரும்பான்மை முறை கையாளப்படுகிறது. மூன்று படிகளில் இரண்டு, ஐந்தில் மூன்று எழுதப்பட்டவுடன் ரசீது தரலாம். நில உரிமை போன்ற பதிவுகளில் இந்தச் சில நொடித் தாமதம் மிக மலிவான காப்பீடு என்றே கொள்ள வேண்டும்.

ஓர் இயந்திரம் ஓராண்டில் அழியும் வாய்ப்பு 50-ல் 1 என்றால், மூன்றும் அதே ஆண்டில் அழியும் வாய்ப்பு 1,25,000-ல் 1. ஆனால் இக்கணக்கு, மூன்றும் ஒன்றையொன்று சாராதவை என்ற அனுமானத்தின்மேல் நிற்பது. மூன்றும் ஓர் அறையில் இருந்தால், ஒரே தீயில் கணக்கு பொய்த்துவிடும். 2025 செப்டம்பர் 26-ல் தென்கொரியாவின் டேஜான் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் மின்கலத்திலிருந்து தீப்பற்றியது. அரசு ஊழியர் ஆவணங்களைச் சேமித்து வைத்த 'ஜி-டிரைவ்' அமைப்பின் 858 டெராபைட் விவரங்கள் அழிந்தன. வெளியிடத்தில் அவற்றுக்குப் படி இல்லை. கொள்ளளவு மிகப் பெரிது என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம்!

மைசூருக்கு இப்பாடம் புதிதன்று. 1966-ல் உதகையிலிருந்து அங்கு மாற்றப்பட்ட இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவில் பல்லாயிரம் மைப்படிகள் சேர்ந்துள்ளன. கோயில் திருப்பணியில் கல் சிதைந்த இடங்களில், தொலைவில் இருந்த மைப்படியே சாசனத்தைக் காத்தது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு 2021-ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை ஆணையிட்டபோது, விவாதம் எந்த ஊர் என்பதைப் பற்றியதாகவே இருந்தது. நிலைப்பேற்றின் நோக்கில், இரண்டு ஊர்களிலும் படி இருப்பதே மேல்.

எனினும், தவறான அழிப்பாணையும் நொடியில் எல்லாப் படிகளுக்கும் சென்றுவிடும். எனவே, இவற்றோடு தொடர்பறுத்து வைத்த பழைய தேதிப் படியும் தனியே தேவை. 2017 ஜனவரியில் கிட்லாப் நிறுவனத்தில் ஊழியர் ஒருவர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தை அழித்தபோது, ஏற்பாடு செய்திருந்த காப்புப் படி முறைகள் பல பயன்படவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரப் பதிவுகள் இழக்கப்பட்டன. காப்புப் படியிலிருந்து தரவுத்தளத்தை மீட்டுப் பார்க்கும் ஒத்திகையை ஒவ்வொரு காலாண்டிலும் நடத்தி, அதன் முடிவை ஆய்வுக் குறிப்பில் பதிவது தாலுகா அளவிலேயே இயலக்கூடிய பணி.