பத்தமடைப் பாயின் சிவப்பு

தாமிரபரணிக் கரையில் விளையும் கோரை, பத்தமடையில் பட்டுப்போன்ற பாயாகிறது. அதற்குச் செந்நிறம் ஊட்ட முற்காலத்தில் சப்பங்கி மரக்கட்டை பயன்பட்டது. பதிமுகம் என்று குடிநீரில் இட்டுக் கொதிக்கவைக்கிறோமே, அக்கட்டைதான்! அதிலுள்ள பிரேசிலின் ஏறத்தாழ நிறமற்றது. காற்றின் உயிர்வளியால் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை இழந்து பிரேசிலீனாக மாறியதும் அது சிவக்கிறது. ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி அமையும் தொடர் அப்போது நீள்கிறது. மூலக்கூறு நீல, பச்சை ஒளியை உறிஞ்ச, எஞ்சும் சிவப்பு நம் கண்ணை எட்டுகிறது. அமிலம் கலந்தால் சாயம் மஞ்சளாகும். காரம் கலந்தால் சிவப்பு ஆழ்ந்துவிடும்.

1856இல் பெர்க்கின் தொடங்கிவைத்த செயற்கைச் சாயங்கள் இங்கும் வந்தன. கட்டையை வெட்டி, ஊறவைத்து, காய்ச்சும் உழைப்பு குறைந்தது. வெயிலில் சப்பங்கிச் சிவப்பு மங்குவதும் மெய்யே. ஆனால், செயற்கைச் சாயங்கள் பல நீரில் எளிதில் சிதைவதில்லை. கோரையை ஊறவைப்பதோ ஓடும் ஆற்றில்.