பட்டையை இறுக்கும்போது காதைப் பாருங்கள்

செவலையின் முதுகில், பிடரி மயிர் முடிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை முடி முளைத்திருக்கிறது. பார்க்க வருகிறவர்கள், "அழகா இருக்குதுங்க, பொறவியிலேயே இப்படியா?" என்பார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போன நாட்களும் உண்டு. பிறவியில் வந்ததல்ல. என் சேணம் போட்டது.

கோவைக்கு வெளியே தொண்டாமுத்தூர் பக்கம் பதினோரு வருடமாகக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கிறேன். மூன்று குதிரைகள். ஒன்று அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கிய கத்தியவார் கலப்பு. இன்னொன்று சின்னப் பிள்ளைகளுக்கான மட்டக்குதிரை. மூன்றாவதுதான் செவலை. கிண்டிப் பந்தயத்தில் ஓடி, ஆறு வயதில் ஓய்ந்த தரோபிரெட். அவளுடைய காகிதங்களில் நீளமான இங்கிலீஷ் பெயர் ஒன்று இருக்கிறது. செவலை என்று கூப்பிட ஆரம்பித்தவர் எங்கள் சைஸ், அதாவது குதிரையைப் பராமரிக்கிற பெரியவர். குதிரைகளோடு நாற்பது வருடம் இருந்தவர், ஊட்டியிலும் கிண்டியிலும்.

நீங்களும் குதிரை வாங்கிச் சொல்லிக்கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். தோட்டத்தில் அரை ஏக்கராவது சும்மா கிடக்கும், தண்ணீர் இருக்கும், உதவிக்கு ஓர் ஆள் இருப்பார். அப்படியானால் ஓய்ந்த பந்தயக் குதிரைதான் முதலில் கண்ணில் படும். மலிவு, பார்க்கவும் லட்சணம். வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். குதிரைப் பந்தயம் சூதாட்டமல்ல, திறமை என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் திறமையில் ஒரு பங்கு குதிரையின் வாயில் இருக்கிறது. ஜாக்கி லகானை இறுக்கிப் பிடிப்பார், குதிரை கடிவாளத்தின் மேல் சாய்ந்துகொண்டு ஓடும். அப்படிப் பழகிய குதிரைக்கு இறுக்கம் என்றால் ஓட்டம். பயந்துபோன பிள்ளை என்ன செய்யும்? லகானை நெஞ்சுவரை இழுக்கும், கால் இரண்டையும் இடுக்கிக்கொள்ளும். பிள்ளை "நில்லு" என்கிறது, குதிரைக்கு "போ" என்று கேட்கிறது. இதைச் செவலைக்கு மறக்கடிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. முழுசாக மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடிப்படைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், எந்த வாத்தியாரும் இதைத்தான் சொல்வார். தலைக்கவசம் இல்லாமல் யாரையும் லாயத்துக்குள்ளேயே விடாதீர்கள். சின்னக் குதிகால் வைத்த பூட்ஸ், இல்லாவிட்டால் கால் அங்கவடிக்குள் நுழைந்து மாட்டிக்கொள்ளும். இடது பக்கம் ஏறு, குதிகாலைத் தாழ்த்து, பார்வை குதிரையின் காதுக்கு மேலே. நடை நாலு தாளம், ட்ராட் இரண்டு, கேன்டர் மூன்று. நீளக் கயிற்றில் வட்டமாக ஓட்டிப் பழக்குங்கள். அவ்வளவுதான்.

இனி சேணத்துக்கு வருகிறேன்.

செவலைக்காக நல்ல சேணம் ஒன்று வாங்கினேன். விற்றவர், "எல்லாக் குதிரைக்கும் பொருந்தும்" என்றார். எல்லார் காலுக்கும் பொருந்தும் செருப்பு என்று யாராவது சொன்னால் வாங்குவோமா? நான் வாங்கினேன். சேணத்தின் உள்ளே ஒரு சட்டம் இருக்கிறது, அதற்கு அகலம் உண்டு. பந்தயத்தை விட்டு வந்த குதிரைக்கு முதலில் முதுகுச் சதை வற்றும், பிறகு புல்லும் கொள்ளும் தின்று தோள் அகலும். ஒரு வருடத்தில் அவள் அகன்றாள். சட்டம் அகலவில்லை. சேணம் கொஞ்சம் ஏறி நிற்கிற மாதிரி தெரிந்தது. நான் கீழே இன்னொரு கம்பளியை மடித்து வைத்தேன். இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு ஜோடி காலுறை போட்ட கதை.

அன்றிலிருந்து வயிற்றுப் பட்டையை இறுக்கும்போது அவள் காதை மடக்கிப் பின்னுக்குச் சாய்ப்பாள். வாலை ஒரு சுழற்று சுழற்றுவாள். ஒரு தடவை என் முழங்கையைக் கவ்வ வந்தாள். நான் மூக்கில் ஓர் அடி வைத்தேன். "முதலாளி யாருன்னு குதிரைக்குக் காட்டணும்" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார், கடைசிவரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய குதிரைகள் எல்லாம் காதை மடக்கியபடிதான் நிற்கும். குதிரையின் இயல்பே அதுதான் என்று நானும் நம்பியிருந்தேன்.

சைஸ் பெரியவர் இரண்டு தடவை சொன்னார். முதல் தடவை பட்டை கட்டும்போது. "தம்பி, அவ காதைக் கொஞ்சம் பாருங்க."

"திமிருங்ணா. பொம்பளைக் குதிரை அப்படித்தான்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது தடவை சவாரி முடிந்து சேணத்தை இறக்கியபோது. முதுகு முழுக்க வேர்வையில் நனைந்து கருத்திருந்தது. தோளுக்குப் பின்னால், இரண்டு பக்கமும், உள்ளங்கை அளவுக்கு மட்டும் காய்ந்த திட்டு. பெரியவர் தன் கையை அந்தத் திட்டின் மேல் வைத்துக் காட்டினார், அளவெடுத்த மாதிரி பொருந்தியது. "இந்த எடம் மட்டும் ஏன் தம்பி வேர்க்கல?"

எனக்கு அன்றைக்கு இன்னும் இரண்டு வகுப்பு பாக்கி. "கம்பளி உறிஞ்சிருக்குங்ணா" என்றேன்.

கம்பளி உறிஞ்சினால் முதுகு முழுக்க அல்லவா உறிஞ்சியிருக்க வேண்டும்? அழுத்தம் மிஞ்சிய இடத்தில் ரத்த ஓட்டமும் வேர்வைச் சுரப்பியும் நசுங்கும், அதனால்தான் அங்கே காய்ந்து கிடக்கும். அதே இடத்தில் மாதக்கணக்கில் அழுத்தினால் முடிக்கு நிறம் கொடுக்கிற செல்கள் செத்து, அடுத்து முளைப்பது வெள்ளையாக முளைக்கும். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை, புத்தகத்தில் படித்திருந்தேன். என் குதிரையின் முதுகில் என் கண்ணுக்கு முன்னால் இருந்தபோது படிக்கத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறுதான் அது நடந்தது. ஒன்பது வயதுப் பாப்பா, வகுப்புக்கு வந்து நாலாவது மாதம். அன்று அவளுக்குப் பிறந்தநாள். அவள் அப்பா முந்தின வாரமே சொல்லிவிட்டார்: "என்னங்க மாஸ்டர், நாலு மாசமா நடையும் ட்ராட்டுமாவே போகுது. பொறந்தநாளுக்கு ஒரு ஓட்டம் ஓட்டி வீடியோ எடுத்துக் குடுங்க." முதல் மூன்று வகுப்பில் நான் யாரையும் ஏற்றுவதில்லை. தேய்க்கணும், குளம்பில் மாட்டிய கல்லைக் குத்தி எடுக்கணும், கயிற்றைப் பிடித்து நடத்தணும். அதற்கே அவர் முகம் சுளித்தவர். பிள்ளைக்கு அவசரமே இல்லை, அப்பாவுக்குத்தான் இருந்தது. இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

பாப்பா கேன்டர் ஓட்டுவதற்குமுன் குதிரையின் சூடு தணியட்டும் என்று காலையில் நானே ஏறி ஒரு மணி நேரம் ஓட்டினேன். நான் 82 கிலோ, சேணம் 8 கிலோ. செவலை 440 கிலோ இருப்பாள். சுமை குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு, அதன்படி 88. பொருந்தாத சேணத்தோடு, எல்லைக்கு மேல் ஏறி, ஒரு மணி நேரம் அந்தப் புண்ணில் குத்திவிட்டுத்தான் பாப்பாவை ஏற்றினேன்.

கேன்டரில் இரண்டாவது சுற்று. பாப்பா சேணத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள், புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் உட்காருவார்கள். செவலையின் முதுகு வில்லாக வளைந்தது. பாப்பா பயந்து லகானை நெஞ்சுவரை இழுத்தாள். நான் மறக்கடித்துவிட்டதாக நினைத்த கிண்டி ஒரே நொடியில் திரும்பி வந்தது. வளைவில் குதிரை உள்பக்கம் சாய, பிள்ளை வெளிப்பக்கம் விழுந்தாள். மணிக்கட்டில் முறிவு. தலைக்கவசம் இருந்ததால் தலைக்கு ஒன்றுமில்லை. செவலை கொஞ்ச தூரம் ஓடி, தானே நின்று, திரும்பிப் பார்த்தாள்.

பாப்பாவின் அப்பா அந்தக் குதிரைக்குக் கிறுக்கு என்று ஊரெல்லாம் சொன்னார். 14 பிள்ளைகள் வந்துகொண்டிருந்த இடத்தில் 5 பேர் மிஞ்சினார்கள். "குதிரைக்கு ஒன்றும் இல்லை, தப்பு என்னுடையது" என்று போய்ச் சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தேன், அதை மட்டும் சொல்லவில்லை.

கால்நடை மருத்துவர் வந்து செவலையின் முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் இரண்டு விரலால் அழுத்திக்கொண்டே போனார். திட்டு இருந்த இடத்துக்கு வந்ததும் அவள் முதுகு பாரம் வைத்த தொட்டில்போலக் கீழே இறங்கியது. மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் பெரியவரைப் பார்க்கவில்லை.

மூன்று மாதம் சேணம் கூடாது என்றார் மருத்துவர். வருமானம் சுருங்கிய மூன்று மாதம். குதிரையோடு பழகுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்ததே அப்போதுதான். அதுவரை வெல்லம் கொடுத்தால் பழக்கம் என்று நினைத்திருந்தேன். வெல்லம் கொடுத்தால் உங்கள் சட்டைப்பையோடு பழகும், கூடவே கடிக்கவும் கற்றுக்கொள்ளும். கழுத்தில் படபடவென்று தட்டிச் "சபாஷ்" சொல்வதும் நமக்காகத்தான். குதிரைகள் ஒன்றையொன்று தட்டிக்கொடுப்பதில்லை, பிடரி முடியும் மேட்டைப் பல்லால் சொறிந்துவிடும். நான் தினமும் சாயங்காலம் சீப்போடு போய் அந்த மேட்டை, புண்ணைத் தொடாமல், சொறிந்துகொடுத்தேன். முதல் வாரம் சிலை மாதிரி நின்றாள். பத்தாம் நாளோ என்னவோ, மேல் உதடு நீண்டு துடிக்க ஆரம்பித்தது, கிழவி வெற்றிலை மெல்லுகிற மாதிரி. நேர் முன்னால் போய் நிற்காதீர்கள், நெற்றிக்கு எதிரே குதிரைக்குக் கண் தெரியாது. தோள் பக்கமாகப் போங்கள்.

அப்போது அடிக்கடி நினைத்துக்கொண்டது பெர்லினில் இருந்த ஹான்ஸ் என்ற குதிரையை. கணக்குப் போடும் குதிரை என்று நூறு வருடத்துக்கு முன்னால் பேர்பெற்றது. கூட்டல் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும். 1907-ல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்துச் சொன்னார்: கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியாது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலையும் உடம்பும் அவரை அறியாமல் இம்மியளவு அசையும், அதைப் பார்த்துத்தான் தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. கணக்கு வராவிட்டால் என்ன? எதிரே நிற்கிற மனிதனின் இம்மியசைவைப் படிக்கிற பிராணி அது. ஒரு வருடமாகக் காதாலும் வாலாலும் செவலை எனக்கு எழுதிக் காட்டினாள். நான் பதிலுக்கு மூக்கில் அடித்தேன்.

இப்போது பட்டையை ஒரே தடவையில் இறுக்குவதில்லை. ஓர் ஓட்டை, பத்தடி நடை, இன்னோர் ஓட்டை. ஏறுவதற்குமுன் மூன்றாவது. சேணத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பளி இல்லாமல் வெறும் முதுகில் வைத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு சவாரி முடிந்ததும் பிள்ளைகள்தான் வேர்வைத் திட்டைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், அது வகுப்பில் ஒரு பாடம். வீடியோ கேட்கிற அப்பாக்களை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுகிறேன், கோவையில் இடத்துக்குப் பஞ்சமில்லை.

பெரியவர் மறுவருடம் மகனோடு இருக்கப் போகிறேன் என்று ஊட்டிக்குத் திரும்பிவிட்டார். நீங்கள் சொன்னது சரிதான் என்று நான் அவரிடம் சொன்னதில்லை, அவரும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. எப்போதாவது போன் செய்வார். என் சௌகரியம் கேட்பதற்குமுன் செவலையைப் பற்றிக் கேட்பார்.

"பட்டைய யாரு தம்பி கட்டறது?"

"நாந்தானுங்ணா."

"காது?"

"முன்னாடிதான் இருக்குதுங்ணா" என்பேன். பாதி நாள் அப்படித்தான் இருக்கிறது.