புதுக் கட்டடம் ரெடி... ஆட்கள் ரெடியா?

ஜூன் மாதம் மேட்டூர் அணை திறந்தாச்சுன்னு செய்தி வந்ததும் நம்ம டெல்டாவில் அடுத்த கேள்வி என்ன? "கடைமடைக்குத் தண்ணி வருமா?" வாய்க்கால் தூர்வாரலைன்னா, அணை நிறைந்திருந்தும் கடைசி வயல் காய்ந்துதான் கிடக்கும். புது மருத்துவமனைக் கட்டடமும் அப்படித்தான்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி 1959-ல் தொடங்கியது. அங்கே 150 கோடி ரூபாய் திட்டத்தில் எழுந்த சூப்பர் ஸ்பெஷாலிட்டி பிரிவு 2019 ஜனவரி 27 அன்று திறக்கப்பட்டது. இப்படி ஒரு கட்டடத்தைப் பார்த்தால் நாம் தூண், வயரிங், லிஃப்ட் எல்லாம் கவனிப்போம். ஆனால் பழைய வார்டில் கண்ணை மூடிக்கொண்டே ஆக்ஸிஜன் வால்வைத் திருப்பிய நர்ஸ், புது வார்டில் முதல் ராத்திரி அதை எவ்வளவு நேரம் தேடுவார்? இதயம் நின்றால் 4 முதல் 6 நிமிடங்களில் மூளை சேதமடையத் தொடங்கிவிடும். அதனால் எந்த மருத்துவமனை இடம் மாறினாலும் இந்த நாலு வேலையும் முன்னாடியே முடியணும்.

1. நடந்து பார்த்தல்

சின்னச் சின்னக் குழுவாக அழைத்துப் போகணும். டாக்டர், நர்ஸ் மட்டும் போதாது; நைட் ஷிஃப்ட் ஆட்கள், துப்புரவுப் பணியாளர்கள், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர்கள், செக்யூரிட்டி எல்லோரும் வரணும். விளக்கிச் சொல்வதைவிட, ஒரு பட்டியல் கொடுத்துத் தேடச் சொல்வது நல்லது: ஆக்ஸிஜன் வால்வு, தீயணைப்பான், அவசர மருந்து வண்டி, ஜெனரேட்டர் லைனில் உள்ள பிளக். கையால் தொட்டது மறக்காது.

2. ஒத்திகை

ஒரு பொம்மையை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து, அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஆபரேஷன் தியேட்டர் வரை தள்ளிப் பாருங்கள். கையில் ஸ்டாப்வாட்ச் இருக்கட்டும். ஸ்ட்ரெச்சரோடு வென்டிலேட்டரும் இரண்டு பேரும் லிஃப்டில் நுழைய முடியுதா? மொபைல் சிக்னல் எங்கே போகுது? வரைபடத்தில் தெரியாத குறை இங்கே தெரியும். தவறிய ஆளைத் திட்டக் கூடாது. திட்டினால் அடுத்த குறையை யாரும் சொல்ல மாட்டாங்க.

3. தீ வந்தால்?

2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்த மாவட்டம் நம்முடையது. மருத்துவமனையில் பலரால் எழுந்து ஓட முடியாது. லிஃப்டையும் நம்பக் கூடாது. எனவே நோயாளியை முதலில் அதே தளத்தில், தீத்தடுப்புக் கதவுக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போகணும். தேவைப்பட்டால் அப்புறம் கீழே இறக்கணும். இதைப் பழகினால்தான் வரும்.

4. மாறும் நாள் கணக்கு

'பி டைப்' சிலிண்டரில் சுமார் 1500 லிட்டர் ஆக்ஸிஜன் இருக்கும். நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் வேணும்னா, 1500 ÷ 10 = 150 நிமிடம். பாதி சிலிண்டர் என்றால் 75 நிமிடம்தான். நடுவில் லிஃப்ட் நின்றால்? ஆகவே முழு சிலிண்டரோடு கிளம்பணும். உபரியாக ஒன்றும் கூடவே போகணும். கடைசி நோயாளி கிளம்பும் வரை பழைய வார்டிலும் ஆள் வேணும். அன்றைக்கு டியூட்டி பட்டியல் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

உங்களுக்கு ஒரு சின்ன வேலை: அடுத்த முறை உங்க டிபார்ட்மென்ட் புது லேபுக்கு மாறினால், முதல் நாளே மெயின் ஸ்விட்ச் எங்கேன்னு எல்லோரையும் கேளுங்க. லேப் அட்டெண்டருக்கும் கடைசி பெஞ்ச் நண்பனுக்கும் தெரிந்திருந்தால், தண்ணி கடைமடைக்கு வந்தாச்சுன்னு அர்த்தம்!