தெருவைத் தெரிந்த தரகருக்கே வியாபாரம்

சென்னையில் வீடு தேடுபவருக்குச் சதுர அடி விலை கைபேசியிலேயே கிடைத்துவிடுகிறது. கிடைக்காதது தெருவின் நடப்பு: போர்வெல் தண்ணீர் உப்பா, மெட்ரோ வாட்டர் இணைப்பு உண்டா, கோடையில் லாரித் தண்ணீருக்கு மாதம் எவ்வளவு ஆகும், மழை விட்டபின் முனையில் தேங்கும் நீர் எத்தனை மணி நேரத்தில் வடியும். தரகர்கள் இவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, வருபவர் கையில் முதலிலேயே கொடுப்பது நல்லது. 'விமான நிலையத்துக்கு 15 நிமிடம்' என்ற விளம்பர வரியைவிட (எந்த நேரத்தில் என்று யாரும் சொல்வதில்லை!) காலை எட்டரை மணிக்கு ரயில்வே கேட்டில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்ற தகவலுக்கே மதிப்பு அதிகம்.

குறையைச் சொன்னால் ஆள் ஓடிவிடுவார் என்பார்கள். ஆனால் 2015 டிசம்பரில் முடிச்சூரும் வேளச்சேரியும் மூழ்கியதும், 2019 கோடையில் ஏரிகள் வறண்டதும் ஊரறிந்த கதை. மறைத்தால் அக்கம்பக்கத்தார் சொல்லிவிடுவார்கள். அதன்பின் தரகர் சொல்லும் பத்திர விவரத்தையும் யாரும் நம்பமாட்டார்கள். எந்தத் தெரு மேடு, எது பள்ளம் என்று பிரித்துக் காட்டினால் அதே பகுதியிலேயே வேறு வீடு பார்க்கச் சம்மதிப்பார்கள். தகவலை வாங்கிக்கொண்டு உரிமையாளரிடம் நேரே போய்விடுவார்களே என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. சிலர் போகத்தான் செய்வார்கள். ஆனால் விலை பேசவும் வில்லங்கச் சான்று பார்க்கவும் பெரும்பாலோருக்குத் துணை வேண்டியிருக்கிறது.

தெருவில் எந்தச் சாதி, மதத்தினர் இருக்கிறார்கள் என்பதை மட்டும் அந்தப் பக்கத்தில் எழுத வேண்டாம், கேட்டாலும் சொல்ல வேண்டாம். பள்ளி, ரேஷன் கடை, இரவு திறந்திருக்கும் மருந்துக்கடை ஆகியவற்றை எழுதி, தேதியும் போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடந்து பார்த்துத் திருத்துங்கள்.