புளியில் ஒட்டுக்கன்று: தாய்மரம் அறிந்து நடுக

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ள ஜவ்வாது மலையில் சாமை, தேன் ஆகியவற்றோடு மக்களுக்குக் கைகொடுப்பது புளி. ஆனால் ஒரே மேட்டில் நிற்கும் இரு மரங்களில் ஒன்று ஆண்டுதோறும் காய்க்கும். மற்றது ஓராண்டு காய்த்து மறு ஆண்டு ஓய்ந்துவிடும்.

புளியில் அயல் மகரந்தச் சேர்க்கை மிகுதி. எனவே நல்ல மரத்தின் விதையை ஊன்றினாலும் தாயின் குணம் அப்படியே வருவதில்லை. விதைக்கன்று காய்க்க எட்டு முதல் பத்து ஆண்டுகள் ஆகும். மரம் சோடை என்று அப்போது தெரிந்து பயனில்லை. ஒட்டுக்கன்றோ நான்கைந்து ஆண்டுகளில் காய்ப்புக்கு வரும். தாய்மரத்தின் குணமும் மாறாது.

இரகம் பிறந்த விதம்

பெரியகுளம் அருகிலுள்ள எண்டப்புளி என்னும் ஊரின் மரவகையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டதே பெரியகுளம் 1 என்னும் இரகம். இதன் காயில் சதைப்பற்று ஏறத்தாழ 40 விழுக்காடு.

ஒரு மரம் நிறையக் காய்ப்பது இனத்தின் சிறப்பாகவும் இருக்கலாம். வீட்டோரம் நின்று எருவும் நீரும் பெற்றதாலும் இருக்கலாம். அதன் ஒட்டுக்கன்றுகளை மற்றவற்றோடு ஒரே நிலத்தில் வளர்த்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

மலையில் தாய்மரம் தேர்வு

நன்கு காய்க்கும் மரங்களைக் குறித்து வைத்து, மூன்று ஆண்டுகள் தொடர்ந்து விளைச்சலை எடை போடவும். ஒரு கிலோ பழத்தில் ஓடு, நார், கொட்டை நீக்கிச் சதையை நிறுத்துப் பார்க்கவும். 400 கிராமுக்கு நெருங்கி நிற்கும் மரமே தாய்மரத்துக்கு ஏற்றது.

ஒட்டுக் கட்டுதல்

வேர்ச்செடியை விதையிலிருந்து பாலித்தீன் பையில் வளர்க்கவும். தாய்மரத்தில் பென்சில் பருமனுள்ள கிளை நுனிகளில், வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே இலைகளைக் கிள்ளிவிடவும். மொட்டுகள் திரண்டதும் வெட்டி, அடியை ஆப்பு வடிவில் சீவி, வேர்ச்செடியின் பிளவில் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுகக் கட்டவும். ஒட்டுக்குக் கீழே வரும் துளிர்களை அவ்வப்போது நீக்கிவிட வேண்டும். இல்லையேல் வேர்ச்செடியே மரமாகிவிடும்.

கன்று வாங்குவோர் கவனிக்க

நாற்றுப் பண்ணையில் தாய்மரத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒட்டுத் தழும்பு நன்கு கூடியிருக்க வேண்டும். அதற்கு மேலிருந்து துளிர் வந்திருக்க வேண்டும். தழும்பே இல்லாத கன்று வெறும் விதைக்கன்றுதான்.

நடவு

10 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40 கன்றுகள் போதும். ஒரு மீட்டர் நீள, அகல, ஆழத்தில் குழியெடுத்து, மேல்மண்ணுடன் தொழுஉரம் கலந்து நிரப்பி, மழைக்காலத்தில் நடவும். ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும். சரிவான நிலத்தில் கன்றின் கீழ்ப்புறம் பிறைவடிவில் கரை கட்டினால் மழைநீர் தங்கும். மரம் நிழல் கட்டும்வரை இடையில் சாமை விதைக்கலாம்.

வெளியூர் இரகத்தைக் கேள்விப்பட்டதும் நிலம் முழுவதும் நட்டுவிட வேண்டாம். பெரியகுளம் 1 ஒட்டில் ஐந்தும், உள்ளூர்த் தாய்மரத்தின் ஒட்டில் ஐந்தும் ஒரே நிலத்தில் முதலில் நட்டுப் பாருங்கள். மலை மண்ணுக்கு எது ஏற்றது என்பதை அந்தப் பத்துக் கன்றுகளே சொல்லிவிடும்.