வளையத்தில் ஓர் இடம்

பினாங்கு, கெலுகோரில் அமைந்துள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில்தான் நாட்டின் முதல் மருந்தியல் கல்விப்புலம் 1972ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அங்குப் பயிலும் மாணவர் மருந்துகளின் மூலக்கூறுகளை வரையும்போது மீண்டும் மீண்டும் வளையங்களையே வரைய நேரிடும். கார்பன் அணுக்களோடு நைட்ரஜன், ஆக்சிஜன், கந்தகம் போன்ற வேறு அணுக்களும் சேர்ந்து அமையும் வளையத்தைப் பல்லின வளையம் என்பர். நாம் அருந்தும் காப்பியிலுள்ள காஃபினிலும் அது உண்டு. அவ்வளையத்தின் ஓர் இடத்தை மட்டும் மாற்றினால் என்ன நேரும்? மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்தின் வரலாறு இதற்கு விடை தருகிறது.

அவ்வரலாற்றின் நாயகர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். 1895இல் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அவருடைய சகோதரர் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல்நோய் பலிகொண்டது. பின்னர் அமெரிக்கா சென்ற அவர், 1940 முதல் லெடர்லி ஆய்வகத்தில் பணியாற்றினார். கீரையில் காணப்படும் ஃபோலிக் அமிலத்தை அவருடைய குழு ஆய்வகத்திலேயே உருவாக்கியது. அது ஸ்ப்ரூ நோயாளிகளைத் தேற்றியது. சகோதரர்களுக்குத்தான் அது எட்டவில்லை.

இதற்கிடையில், பாஸ்டன் நகரில் மருத்துவர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோயால் வாடிய குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலம் சார்ந்த சேர்மங்களைக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறையவில்லை, முற்றியது. புற்றணுக்கள் பெருகவும் அதே அமிலம் தேவைப்பட்டது. அப்படியானால் அதைப் போலத் தோன்றி, அதன் வேலையைத் தடுக்கும் ஒரு பொருள் கிடைக்குமா?

சுப்பாராவின் குழு அதை உருவாக்கியது. ஃபோலிக் அமிலத்தின் இரட்டை வளையத்தில் நான்கு நைட்ரஜன் அணுக்கள் உள்ளன. அவ்வளையத்தில் ஆக்சிஜன் இருந்த ஓரிடத்தில் அமினோ தொகுதி அமைந்தது. அவ்வளவுதான் வேறுபாடு. அமினோப்டெரின் எனப்பட்ட இப்பொருள், பூட்டுக்குள் நுழைந்து சிக்கிக்கொள்ளும் போலிச் சாவியைப் போல நொதியைப் பற்றிக்கொண்டது. புற்றணுக்களின் பெருக்கம் தடைப்பட்டது. ஃபார்பர் 1948இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 16 குழந்தைகளுள் 10 பேர் நலம் பெற்றனர். அந்நலம் தற்காலிகமானதே. எனினும், அதற்கு முன்பு அதுகூட வாய்த்ததில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் சுப்பாராவ் காலமானார். அமினோப்டெரினில் வளையத்திற்கு வெளியே உள்ள ஒரு நைட்ரஜனுடன் மெத்தில் தொகுதியைச் சேர்த்தால் கிடைப்பதே மெத்தோட்ரெக்சேட். அது இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும், குறைந்த அளவில் முடக்குவாதத்திற்கும் தரப்படுகிறது.

அக்கால வேதியியலாளர்கள் கட்டி முடித்த வளையத்தைத் திருத்தவில்லை. வேண்டிய தொகுதியை முன்னரே தாங்கிய மூலப்பொருளைக் கொண்டு வளையத்தைப் புதிதாகக் கட்டினர். ஒவ்வொரு மாற்றத்திற்கும் தொடக்கத்திலிருந்தே வேலை செய்ய வேண்டும். இன்றைய ஆய்வாளர்கள், முழுமையான மூலக்கூற்றில் மற்ற அணுக்களைத் தொடாமல், விரும்பிய ஓர் அணுவை மட்டும் மாற்றும் வழிகளைத் தேடி வருகின்றனர்.